60 செக்கன் செய்தி வீடியோ: எங்கே தவறுகிறேன் என்று பார்த்துச் சொல்லுங்கள்

தம்பிலுவில்காரி | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அம்பாறை கரையோரத்திலிருந்து மூன்று வருடமாகப் பிரதேச செய்தியாளராக எழுதுகிறேன். இதுவரை செய்தியும் இரண்டு படமும் அனுப்பினால் போதும். இந்த வருடம் தொடக்கம் ஒவ்வொரு செய்தியோடும் நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஒரு நிமிட வீடியோவும் வேண்டும் என்கிறார்கள். பயிற்சி எதுவும் தரவில்லை. என்னிடம் இருப்பது சாதாரண அன்ட்ரொயிட் போன், ஒரு சின்ன ட்ரைபொட், சட்டையில் குத்துகிற வயர் மைக்.

கடற்கரையில் எடுத்தால் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது, ஆள் பேசுவது கேட்பதில்லை. பிரதேச செயலகத்துக்குள் எடுத்தால் படத்தில் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடுகின்றன. வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கு நிமிட வீடியோ இருக்கும், அதில் வெட்டி எடுக்க ஒரு துண்டும் இருக்காது.

இன்னொரு விஷயம். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். போன மாரியில் வெள்ளத்துக்கு இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பாடசாலைக்குப் போனேன். ஒரு தாய் பிள்ளையின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் நின்று எடுத்தேன், அவரிடம் கேட்கவில்லை. அலுவலகத்தில் அதற்குச் சோகப் பாட்டுப் போட்டு, "கண்ணீரில் தவிக்கும் தாய்" என்று தலைப்பும் வைத்து வெளியிட்டார்கள். அவர் அழவே இல்லை. அடுத்த நாள் என்னைக் கண்டு, "தங்கச்சி, நான் எப்ப அழுத? எங்கட வீட்டாக்கள் வெளிநாட்டில இருந்து கோல் எடுத்து அழுறாங்க" என்றார். நீக்கச் சொன்னேன். நீக்கினார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கில் பகிர்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஆட்களுக்கு முன்னால் போனைத் தூக்கக் கை வருவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

வாவிக்கரை | செவ்வாய், இரவு 10.25

தங்கச்சி, கடைசியாகக் கேட்டதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆட்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் வருவார்கள். வெட்ட ஒரு துண்டும் இல்லை என்றீர்களே, அதற்கு நான் சொல்கிறேன்.

நீங்கள் போனைப் போட்டுவிட்டு நடக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இடம் முழுவதையும் கண்ணால் தேடுவது போலப் போனாலும் தேடுகிறீர்கள். அந்த வீடியோவில் எந்த இடத்திலும் படம் நிற்காது, நிற்காத படத்தை வெட்ட முடியாது. முதலில் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். என்ன நடக்கிறது, யார் செய்கிறார், கை எங்கே வேலை செய்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம். அப்புறம் எடுங்கள். ஒரு ஷொட் என்றால் பத்து செக்கன். மனதுக்குள் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள், எண்ணி முடியும்வரை கை அசையக்கூடாது. அந்தப் பத்தில் நான்குதான் வீடியோவில் வரும், மிச்சம் வெட்டுவதற்கு.

கரைவலை இழுக்கிறார்கள் என்று வையுங்கள். கடலும் கரையும் ஆட்களும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று. இழுக்கிற வரிசையில் நாலைந்து பேர் தெரிகிற மாதிரி ஒன்று. கயிறு பிடித்த கை ஒன்று. மணலில் புதைகிற கால் ஒன்று. ஒருவரின் முகம் ஒன்று. பிறகு அவர் எதைப் பார்க்கிறாரோ அதை எடுங்கள்: வலையின் மடி கரைக்கு வருவது. இந்த ஆறும் கையில் இருந்தால், ஆள் பேசுவதையும் சேர்த்து ஒரு நிமிடம் தானாக நிறையும். பெரும்பாலும் கையும் காலும் இல்லாமல்தான் நம் செய்தி வீடியோக்கள் வருகின்றன. தூர ஷொட், பேசுகிற முகம், திரும்பத் தூர ஷொட். பார்க்கிறவர் மூன்றாவது செக்கனில் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

சூம் பண்ண வேண்டாம். கிட்டே நடந்து போங்கள். கிட்டே போக வெட்கமாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

மருதமுனையான் | செவ்வாய், இரவு 11.10

ஓடியோ வேலை செய்கிறவன் என்பதால் சத்தத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஆட்கள் பொறுப்பார்கள். பேச்சு கேட்காவிட்டால் பொறுக்க மாட்டார்கள்.

உங்கள் வயர் மைக் கெட்டதில்லை, அதை மூடத்தான் வேண்டும். கடைகளில் ரோமம் வைத்த சின்னத் தொப்பி கிடைக்கும், மைக்குடன் வருகிற கறுப்பு ஸ்பொஞ்சைவிட அதுதான் காற்றைத் தடுக்கும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அதுவும் போதாது. அப்போது பேசுகிறவரை இழுத்து வைத்த தோணிக்குப் பின்னாலோ மதில் ஓரத்திலோ நிறுத்துங்கள். அவருடைய முதுகு காற்றைத் தாங்க வேண்டும், நெஞ்சில் இருக்கிற மைக் அவர் உடம்பின் மறைவில் இருக்க வேண்டும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் கீழே. சாரியின் தலைப்போ முக்காட்டின் துணியோ அதில் உரசுகிறதா என்று பேசத் தொடங்குமுன் கேட்டுப் பாருங்கள். பெண்களிடம் மைக்கைக் கையில் கொடுத்து, எங்கே குத்த வேண்டும் என்று காட்டி, அவர்களையே குத்தச் சொல்லுங்கள். இதைச் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனால் மறக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, எல்லோரும் விட்டுவிடுவது. எடுத்து முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை முப்பது செக்கன் தனியாகப் பதியுங்கள். அலை, நெல் வெட்டுகிற மிசின், பள்ளிக்கூட இடைவேளை, எதுவானாலும். அதை உங்கள் குரலுக்குக் கீழே மெதுவாக விட்டால் வெட்டிய இடங்கள் காதில் இடறாது. இடத்தின் சத்தத்தையே கொடுத்து அனுப்பினால் பாட்டுப் போடுகிற வேலையும் குறையும். முழுதாகத் தடுக்க முடியாவிட்டாலும்.

எழுவான் | புதன், காலை 6.15

கறுப்புக் கோட்டுக்குக் காரணம் நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதுதான். டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்புகளும் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன, கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். சட்டரை, அதாவது ஒவ்வொரு படமும் வெளிச்சம் வாங்குகிற நேரத்தை, 1/50 அல்லது 1/100 செக்கனில் பூட்டிவிட்டால் கோடு போய்விடும். உங்கள் போனின் வீடியோவில் புரோ மோட் இல்லையென்றால் சட்டரைக் கையால் மாற்றவிடுகிற இலவச கமரா செயலி ஒன்றைப் போடுங்கள். ஐபோன் வைத்திருக்கிறவர்கள் செட்டிங்ஸில் கமராவுக்குள் போய் PAL ஃபோர்மட்டைத் திறந்தால் செக்கனுக்கு 25 பிரேம் வரும், அதையே நம் நாட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளிச்சம். நமக்குக் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பின்னால் வைத்து ஒருவரை எடுத்தால் முகம் கறுத்துத்தான் வரும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சூரியன் ஊர்ப்பக்கம் இறங்கும், அப்போது அதே இடத்தில் முகமும் தெரியும் கடலும் நீலமாக வரும். மேற்குக் கரையில் எடுக்கிறவர்கள் சொல்லித்தருகிற நேரம் நமக்குச் சரிவராது. வாவிக்கரையில் மேற்கே படுவான்கரைப் பக்கம் பார்த்து எடுத்தால் இதைத் திருப்பிப் போடுங்கள்.

படுவான்கரையாள் | புதன், காலை 8.02

எடுத்ததை வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். டொகியுமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள். எங்கள் பக்கம் சிக்னல் இரண்டு கோடுதான், பத்து செக்கன் துண்டுகளாக அனுப்பினால் ஒன்று அறுந்தாலும் அதை மட்டும் திரும்ப அனுப்பலாம். மூலப் பதிவை அழிக்க வேண்டாம். பிறகு யாராவது "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

ஏறாவூர் மச்சான் | புதன், காலை 9.30

நிமிர்த்தி எடுக்கிறதை நான் ஏற்கமாட்டேன். தொலைக்காட்சிக்கு அதே வீடியோ வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். வெள்ளமோ வயல் வட்டையில் யானையோ, அகலமாகத்தானே தெரிய வேண்டும்?

வாவிக்கரை | புதன், காலை 9.55

மச்சான், அவருடைய அலுவலகம் கேட்பது நிமிர்ந்தது. பார்க்கிற ஆட்களும் போனை நிமிர்த்தித்தான் பிடித்திருக்கிறார்கள், செய்தி பார்க்க யாரும் திருப்புவதில்லை. யூடியூப் ஷோர்ட்ஸ் முதலில் 60 செக்கன்தான் விட்டது, 2024 ஒக்டோபரிலிருந்து மூன்று நிமிடம்வரை விடுகிறது. நிமிர்ந்த படம் நிலைத்துவிட்டது. ஒரு ஆள், ஒரு மரம், ஒரு படகு, இவற்றுக்கு அது நல்ல சட்டகம்தான். யானைக்கு நீங்கள் சொல்வது சரி. திரும்ப நடக்காத காட்சி என்றால் முதலில் படுக்கையாக எடுத்துவிட்டுப் பிறகு நிமிர்த்துங்கள். ஒரே ஷொட்டின் நடுவில் மட்டும் போனைத் திருப்பாதீர்கள்.

ஏறாவூர் மச்சான் | புதன், காலை 10.20

சரி, ஒரு ஆள் பேசுகிற செய்திக்கு ஒத்துக்கொள்கிறேன். வெள்ளத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கல்லடிப்பாலம் | புதன், இரவு 8.15

மகள், அந்தத் தாயைப் பற்றி நீங்கள் எழுதியதை இன்று இரண்டு தடவை வாசித்தேன்.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் கசட்டை இரவு பஸ்ஸில் கொழும்புக்கு ஏற்றிவிடுவோம். 2004 சுனாமிக்கு அடுத்த நாள் மட்டக்களப்பு நாவலடிப் பக்கம் கமராவோடு போனேன். என்ன எடுத்தேன் என்று இங்கே எழுதமாட்டேன். எடுத்ததில் பாதியை அனுப்பவில்லை, அனுப்பாததற்காக ஏச்சும் வாங்கினேன். அனுப்பியதில் ஒரு துண்டை இன்றைக்கும் டிசம்பர் 26 வந்தால் யாராவது போடுகிறார்கள். அதில் ஒரு தகப்பன் இருக்கிறார். அவர் இப்போதும் ஊரில் இருக்கிறார், நான் அவர் வீதியால் போவதில்லை.

அப்போது ஒரு வசதி இருந்தது. எடுத்த கசட் போய்ச் சேர ஒரு இரவு ஆகும், அந்த இரவில் யோசிக்கலாம். உங்களுக்கு அது இல்லை. 2019 ஏப்ரல் 21 சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் போன்களுக்கு வந்த படங்கள் நினைவிருக்கிறதா? 2024 நவம்பர் 26, மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. தேடுதல் முடியுமுன்னே பிள்ளைகளின் முகங்கள் வீடியோவாக ஓடின. பெற்றோருக்கு யாரும் சொல்லுமுன் போன் சொல்லக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். இறந்தவரின் முகம் வேண்டாம். வைத்தியசாலை வாசலில் அழுகிறவர்களைக் கிட்டே போய் எடுக்க வேண்டாம். முகாமில் பிள்ளைகளின் முகம் பெற்றோர் சம்மதமில்லாமல் வேண்டாம். பாலியல் வழக்கென்றால் பாதிக்கப்பட்டவரைக் கண்டுபிடிக்க வைக்கிற எதுவும், வீட்டு மதில்கூட, வரக்கூடாது. அது தண்டனைச் சட்டக்கோவைப்படியே குற்றம்.

அப்படியானால் வெள்ளத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்பீர்கள். கதவில் தண்ணீர் நின்ற கோடு. கொடியில் காய்கிற பாடசாலைப் புத்தகங்கள். சமைக்கிற பெரிய பானை, வரிசையில் நிற்கிறவர்களின் கைகள். இவை மறைப்பதற்காக எடுப்பவை அல்ல. எத்தனை பேருக்குச் சோறு போதவில்லை என்பது அந்தப் பானையில்தான் தெரியும், அழுகிற முகத்தில் தெரியாது.

முகம் வேண்டியிருந்தால் கேளுங்கள். போனைக் கீழே வைத்துவிட்டு, பெயரும் எந்தப் பத்திரிகை என்பதும் சொல்லி, எங்கே வரும் என்று காட்டி, பிறகு கேளுங்கள். "வேண்டாம்" என்றால் நன்றி சொல்லி அடுத்தவரிடம் போங்கள். என் அனுபவத்தில் பாதிப்பேருக்கு மேல் சரி என்பார்கள், சொல்ல வேண்டியது அவர்களிடம்தான் இருக்கிறது. இன்னொன்று, உங்கள் பெயர் போகிற வீடியோவுக்குப் பாட்டு வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

மட்டக்களப்புச் செய்தியாளர்களில் இந்த வேலைக்காக உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2004 மே 31 நடேசன், 2005 ஏப்ரல் சிவராம். ஒவ்வொரு வருடமும் அவர்களை நினைத்து நிற்கிறோம். கை வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கையை விட்டுவிடாதீர்கள், மகள். கேட்டுவிட்டு எடுக்கிற ஆள் போகாவிட்டால் கேட்காமல் எடுக்கிறவன்தான் அங்கே போவான்.

தம்பிலுவில்காரி | புதன், இரவு 9.50

ஐயா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. நன்றி. ஒவ்வொரு தடவையும் எழுத்தில் கேட்கிறேன்.

எழுவான் அண்ணா, சட்டரை 1/100இல் வைத்து வீட்டு டியூப் லைட்டின் கீழே எடுத்தேன். கோடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒலுவிலில் கரையரிப்பை எடுக்கப் போகிறேன். பேச்சை எப்படி எழுதுவது என்று யாராவது சொல்வீர்களா? வாசித்தால் ஒன்றரை நிமிடம் வருகிறது.

சாய்ந்தமருதிலிருந்து | வியாழன், காலை 7.20

தங்கச்சி, செய்திக்கு எழுதுகிற தமிழை அப்படியே வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "தொடர்ச்சியாகப் பெய்துவரும் அடைமழை காரணமாக மாவட்டத்தின் பல்வேறு பகுதிகளிலும் மக்களின் இயல்பு வாழ்க்கை பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளது." இதைச் சொல்லி முடிக்கவே ஏழெட்டு செக்கன், எந்த ஊர் என்று இன்னும் தெரியாது. "கிரான் புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர். காலையிலிருந்து படகில்தான் போகிறார்கள்." முடிந்தது. படகு படத்தில் தெரிகிறது, அதை வர்ணிக்க வேண்டாம். படம் காட்டாததை மட்டும் குரல் சொல்லட்டும்: எத்தனை குடும்பம், எப்போதிலிருந்து, யார் பொறுப்பு. நான் ஒரு நிமிடத்துக்கு எண்பது சொல்லுக்கு மேல் எழுதுவதில்லை, இடையில் ஆள் பேச இடம் வேண்டும். இடமும் திகதியும் படத்தில் எழுத்தாகவும் வரட்டும். அடுத்த மாரியில் யாராவது இதைப் புது வெள்ளம் என்று பரப்பினால் திகதிதான் மறுப்புச் சொல்லும்.

எழுத்தைப் பற்றியும் ஒன்று. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் அதை வீடியோ செயலிக்குள் ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வரும், யூனிகோடுக்கு மாற்றியே ஒட்டுங்கள். சில செயலிகள் "கொ", "கோ"வை உடைத்துக் கொம்பைத் தனியாக விடும். எழுத்துருவை மாற்றிப் பார்த்து, வெளியிடுமுன் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். அடியில் ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள், டிக்டொக்கின் பெயரும் விவரமும் அங்கேதான் வந்து மறைக்கும்.

அம்பாறைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அதிகாரி சிங்களத்தில் பேசினால் அவர் குரலை வெட்டாமல் கீழே தமிழ் வரி போடுங்கள். மொழிபெயர்ப்பில் சந்தேகம் என்றால் சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகு போடுங்கள். "பார்ப்போம்" என்று அவர் சொன்னதை "செய்வோம்" என்று போட்ட வீடியோவால் ஒரு கிராமமே பிரதேச செயலகத்துக்கு வந்து நின்றது.

எழுவான் | வியாழன், காலை 7.45

ஒலுவிலுக்குப் பின்னேரம் போங்கள்.

படுவான்கரையாள் | வியாழன், மதியம் 12.30

கணக்கு ஏதும் வேண்டுமென்றால், இழப்பீடு எத்தனை பேருக்கு, எவ்வளவு என்பது போல, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இப்போதே விண்ணப்பம் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த வீடியோவுக்கு உதவாது, இரண்டாவது வீடியோவுக்கு உதவும்.

தம்பிலுவில்காரி | திங்கள், இரவு 10.05

போய் வந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

சொன்னதைக் கேட்காமல் காலையிலேயே போய்விட்டேன், பஸ் அப்படித்தான் கிடைத்தது. ஐந்து நிமிடம் நிற்கச் சொன்னீர்கள், பின்னேரம்வரை நின்றேன். அதனால்தான் ஒரு காக்காவோடு, முஸ்லிம் பெரியவர் ஒருவரோடு, பேசக் கிடைத்தது. பழைய மீனவர். போன் பைக்குள்ளேயே இருந்தது. வலை தைத்துக்கொண்டே, துறைமுகம் வந்த பிறகுதான் கரை போகத் தொடங்கியது, அவருடைய வாடி (கரையில் இருந்த மீனவர் குடில்) போனது, தென்னைகள் போனது எல்லாம் சொன்னார். எடுக்கலாமா என்று கேட்டேன். "எடுங்க. ஆனா நான் அழமாட்டன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்தத் தாய் ஞாபகம் வந்தது.

வாடி எங்கே இருந்தது என்று கேட்டபோது விரலால் காட்டுவார் என்று நினைத்தேன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பிக் கையைத் தூக்கி, "இஞ்சதான்" என்றார். நான் பத்துவரை எண்ணினேன். கை நடுங்கியது, ட்ரைபொட் நடுங்கவில்லை. சூரியன் எனக்குப் பின்னால் இருந்தது, முகம் நன்றாகத் தெரிந்தது.

பிறகு தோணி மறைவில் வைத்துப் பேச்சைப் பதிந்தோம், மைக்குக்குத் தொப்பி போட்டு. துறைமுகம் திறந்த வருடத்தை 2010 என்றார். 2013 என்று என் குறிப்பில் இருந்தது. சப்டைட்டிலில் மாற்றிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, பிறகு அவரிடமே சொன்னேன். யோசித்துவிட்டு, "ஓம், வேலை தொடங்கினது முந்தி, திறந்தது பிந்தி" என்று சொல்லி, திரும்பப் பேசினார். இரண்டாவது தடவை முதல் தடவையைவிடத் தெளிவாக வந்தது.

வெட்டி முடித்ததும் அனுப்புமுன் அவருடைய மகனின் போனுக்கு அனுப்பிக் காட்டினேன். எழுபத்திரண்டு சொல், 58 செக்கன். அலைச் சத்தம் மட்டும். பாட்டு வேண்டாம் என்று மின்னஞ்சலில் எழுதினேன், போடவில்லை. பார்த்தவர்கள் அந்த வெள்ள வீடியோவைவிட மிகக் குறைவு. காக்கா கோல் எடுத்து, கடலுக்குள் நிற்கிற துண்டைப் பேரப்பிள்ளைக்குத் தனியாக அனுப்ப முடியுமா என்று கேட்டார், அனுப்பினேன்.

நாளைக்கு அந்தத் தாயின் வீட்டுக்குப் போகிறேன். போன் இல்லாமல்.

மருதமுனையான் காக்கா, ஒரு கேள்வி. "இஞ்சதான்" என்று அவர் சொன்னது கரையிலிருந்த போனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. தண்ணீருக்குள் நிற்கிறவருக்கு வயர் மைக் குத்தவும் முடியாது. அடுத்த தடவை என்ன செய்யலாம்?

மருதமுனையான் | திங்கள், இரவு 10.40

அவர் கரைக்கு ஏறியதும், அதே மூச்சோடு, அதே சொல்லை இன்னொரு தடவை மைக்குக்குக் கிட்ட சொல்லச் சொல்லலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்திக்கு அது வேண்டாம். இரண்டாவது போன் ஒன்றைப் பொலித்தீன் பையில் போட்டு அவருடைய சட்டைப் பையில் வைத்து, குரல் பதிவை ஓடவிடுங்கள். இரண்டு போனையும் ஓடவிட்டபின் ஒரு தடவை கையைத் தட்டுங்கள், வெட்டும்போது அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் சத்தத்தையும் பொருத்தலாம். இப்போதைக்கு அந்தத் துண்டில் கையும் அலையும் போதும், கீழே ஒரு வரி எழுத்துப் போட்டிருக்கிறீர்கள்தானே. சுட்டியை இங்கே போடுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.